அமீர்பேட்டில் படித்த பெண்கள் எங்கே போகிறார்கள்?

2017 நவம்பர் 28 அன்று ஹைதராபாத்தில் இரண்டு தொடக்க விழாக்கள் நடந்தன. முதலில் பிரதமர் மோடி மியாபூரில் மெட்ரோ ரயிலைத் தொடங்கிவைத்தார். பிறகு சர்வதேச மாநாட்டு மையத்துக்குப் போய் உலகத் தொழில்முனைவோர் உச்சி மாநாட்டைத் தொடங்கிவைத்தார். அமெரிக்கக் குழுவுக்கு இவாங்கா டிரம்ப் தலைமை தாங்கினார். ‘பெண்களுக்கு முதலிடம், அனைவருக்கும் வளம்’ என்பது மாநாட்டின் முழக்கம். வந்திருந்த சுமார் 1,500 தொழில்முனைவோரில் பாதிக்கு மேல் பெண்கள். தெற்காசியாவில் அந்த மாநாடு நடந்தது அதுவே முதல் முறை.

அன்று திறந்த மெட்ரோ பாதை மியாபூரிலிருந்து அமீர்பேட் வழியாக நாகோல் வரை சென்றது. கணினி வேலைக்கு ஆசைப்பட்ட கிராமத்துப் பிள்ளைகள் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பிருந்தே பெட்டி படுக்கையோடு வந்திறங்கிய இடம் அமீர்பேட். மாநாட்டில் பேசிய விஷயத்தை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை என்று நினைக்கிறேன். தொழில்நுட்பம் படித்த பெண் சம்பளத்துக்குப் போவதோடு நிற்காமல் தானே ஒரு தொழிலைத் தொடங்குவது எந்தச் சூழலில் நடக்கிறது? அப்படித் தொடங்கியவர் பின்னால் வரும் இளையவர்களுக்குக் கைகொடுப்பது எந்த வடிவத்தில் பலன் தருகிறது? அமீர்பேட்டை நடுவில் வைத்து, வெளியிலிருந்து கிடைக்கும் அனுபவங்களையும் ஆய்வுகளையும் சேர்த்து இந்த இரண்டு கேள்விகளையும் பார்க்கலாம்.

மைத்ரிவனம் கட்டடத்தை ஒட்டிய சந்துகளில் நடந்தால் தலைக்கு மேலே வானம் குறைவாகவும் பலகைகள் அதிகமாகவும் தெரியும். ஆதித்யா என்கிளேவின் நீலகிரி பிளாக், அன்னபூர்ணா பிளாக் என்று மாடிக்கு மாடி பயிற்சி நிலையங்கள். ஜாவா, பைத்தான், டாட் நெட், ஆரக்கிள், சேப், டெவாப்ஸ், டேட்டா சயின்ஸ். பல பலகைகளில் நிலையத்தின் பெயரைவிடப் பாடம் எடுக்கும் ‘சார்’ பெயர் பெரிதாக இருக்கும். கீழே ‘ரியல் டைம் ஃபேகல்டி’ என்ற அடைமொழி. அதாவது அவர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், வெறும் வாத்தியார் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் டெமோ வகுப்பு இலவசம். பிடித்திருந்தால் பணம் கட்டி பேட்ச்சில் சேரலாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பாடம் முடிந்துவிடும். சார் சொன்னதையெல்லாம் யாரோ ஒரு பழைய மாணவர் கையால் எழுதிவைத்த குறிப்பு, ஸ்பைரல் போட்ட ‘மெட்டீரிய’லாக ஜெராக்ஸ் கடைகளில் அடுக்கி இருக்கும். விலாசம் சொல்பவர்கள் சத்யம் தியேட்டரைத்தான் அடையாளம் காட்டுவார்கள். அந்தப் பழைய தியேட்டர் போய் அதே இடத்தில் 2023இல் புதிய மல்டிபிளெக்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் விலாசம் மாறவில்லை.

1990களின் கடைசியில் இந்த இடம் சூடுபிடித்தது. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய அமெரிக்காவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1998இல் சைபர் டவர்ஸ் என்ற மென்பொருள் வளாகம் திறந்தது. பொறியியல் கல்லூரிகள் பெருகின. கல்லூரியில் சொல்லித் தராததை அமீர்பேட் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தந்தது. நம் வேளச்சேரியிலும் வடபழனியிலும் இருக்கும் பயிற்சி நிலையங்களை எல்லாம் ஒரே தெருவில் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் அடர்த்தி.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது சீன மானுடவியலாளர் ஸியாங் பியாவ் 2007இல் வெளியிட்ட ‘குளோபல் பாடி ஷாப்பிங்’ என்ற நூல். ஹைதராபாத்திலும் சிட்னியிலும் கள ஆய்வு செய்த அவர், கணினி ஊழியர்களை உருவாக்கிக் கடல் கடந்து அனுப்பும் சங்கிலியில் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார். கடலோர ஆந்திரத்தின் நிலமும் விவசாயக் குடும்பங்களின் சேமிப்பும் அதில் இருந்தன. வரதட்சணையும் இருந்தது. கணினி மாப்பிள்ளையின் விலை ஏற ஏற, பெண் வீட்டார் பணம் அவனுடைய படிப்புக்கும் பயணத்துக்கும் முதலாக மாறியது. பெண்களும் தொழில்நுட்பமும் என்ற பேச்சை எடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. அமீர்பேட் வளர்ந்த காலத்தில் பல குடும்பங்களில் பெண்ணின் பெயரில் ஒதுக்கிய பணம் ஆணின் தொழிலுக்கு விதையாகப் போனது. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு முதல் மிஞ்சவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு அமீர்பேட் இன்னொன்றையும் கொடுத்தது. அதை எந்தப் பலகையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் தங்குவார்கள். முதலில் வேலை கிடைத்தவன் மற்றவர்களுக்கு வாடகை கட்டுவான், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று சொல்வான், தன் நிறுவனத்தில் ‘ரெஃபரல்’ போடுவான். நாலைந்து ஆண்டு கழித்து அதே அறைக் கூட்டாளிகளில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கன்சல்டன்சியையோ பயிற்சி நிலையத்தையோ தொடங்குவார்கள். இரவு டீக்கடைப் பேச்சு, பைக்கில் கூடவே போய் வாடிக்கையாளரைப் பார்ப்பது, வாங்கிய கடனை ஊர்க்காரர் ஒருவர் பொறுத்துக்கொள்வது: இவையெல்லாம் சேர்ந்துதான் அங்கே வழிகாட்டல். இதன் இருண்ட பக்கமும் ஊரறிந்தது. பொய்யான அனுபவச் சான்றிதழ், ‘பேக்டோர்’ வேலைக்கு முன்பணம், ஒருவருக்காக இன்னொருவர் நேர்முகத்தில் பேசுவது. இதில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குச் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பெண் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு கேட்கும் துணிச்சலும் இருக்காது. ‘போதும், ஊருக்கு வா’ என்று முடிந்துவிடும்.

பெண்கள் வராமல் இல்லை. எஸ்.ஆர்.நகர், அமீர்பேட் சந்துகளில் லேடீஸ் ஹாஸ்டல் பலகைகள் பயிற்சி நிலையப் பலகைகளோடு போட்டி போடுகின்றன. ஹாஸ்டல் என்றால் ஓர் அறையில் மூன்று, நான்கு கட்டில், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, கதவுக்குப் பின்னால் காயும் துணி, மடியில் லேப்டாப். கேட் இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு மூடிவிடும். அதனால் அதிகாலை பேட்ச்சும் பகல் பேட்ச்சும் இவர்களுக்கு. கடைசி பேட்ச் முடிந்து சாரிடம் நின்று பேசும் நேரம் ஆண்களுக்கு. வேலை தேடும் பருவத்தில் இந்த ஒரு மணி நேரத்தின் விலை பெரியது. பாதுகாப்பு விஷயத்தில் தெலங்கானா சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. 2014இல் ‘ஷீ டீம்ஸ்’ காவல் குழுக்கள் வந்தன. 2023 டிசம்பரிலிருந்து அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் ஊரில் 2021 முதல் இருக்கும் திட்டத்தைப் போலத்தான். அங்கே எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும் போகலாம் என்பதால், கரீம்நகரிலிருந்தோ நல்கொண்டாவிலிருந்தோ ஒரு பெண் டெமோ வகுப்புக்கு வந்துவிட்டுப் போவது செலவில்லாத காரியமாகிவிட்டது.

ஆனால் இந்த வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 மார்ச் காட்டியது. ஊரடங்கு அறிவித்த மறுநாளே பல ஹாஸ்டல்களில் பிள்ளைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு கேட்டுக் காவல் நிலையங்களின் வாசலில் கூட்டம் முட்டியது. சீட்டோடு கிளம்பியவர்களை ஆந்திர எல்லையில் நிறுத்தினார்கள். பிறகு வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது பெண்களுக்கு வசதி என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பாடம் வீட்டுக்கு வந்தது. அறைத் தோழி வரவில்லை. சமையலறைக்கும் ஸூம் வகுப்புக்கும் நடுவே அலையும் பெண், வீடு முழுக்க யாரிடமும் தன் தொழில் யோசனையைச் சொல்ல முடியாமல்தான் இருப்பாள்.

படித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தால் குடும்பங்கள் மாறுகின்றன. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் வட இந்தியாவில் 160 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களுக்கு மட்டும் பிபிஓ வேலைக்கு ஆள் எடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்பினார். அந்தக் கிராமங்களின் இளம்பெண்கள் சீக்கிரம் திருமணம் செய்துகொள்வதும் பிள்ளை பெறுவதும் 5 முதல் 6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. படிப்பும் வேலையும் கூடின. சட்டமோ பிரசாரமோ இல்லை. வேலை இருக்கிறது என்ற தகவல் வீட்டு வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான். சம்பள வேலைக்கு இது நடந்துவிட்டது. இந்திய மென்பொருள் துறையில் இன்று மூன்றில் ஒருவருக்கு மேல் பெண்கள். ஆனால் சம்பள வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்குப் போகும் அடுத்த படியில் கூட்டம் கலைந்துவிடுகிறது.

அந்தப் படியைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த வாணி கோலா, அமெரிக்கா போய் 1996இல் ரைட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி நல்ல விலைக்கு விற்றார். 2006இல் இந்தியா திரும்பினார். அவருடைய கலாரி கேப்பிட்டல் இன்று பெயர் பெற்ற முதலீட்டு நிறுவனம். பெண் நிறுவனர்களுக்கென்றே 2021இல் ஒரு தனித் திட்டத்தையும் அது தொடங்கியது.

ஜோதி ரெட்டியின் வாழ்க்கை வேறு கோடியிலிருந்து தொடங்குகிறது. வாரங்கல் பக்கத்துக்காரர். வறுமையால் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். 16 வயதில் திருமணம். ஐந்து ரூபாய் கூலிக்கு வயலில் வேலை செய்தார். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியையாகி, கணினி கற்று அமெரிக்கா போனார். அங்கே கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து சேர்த்த பணத்தில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கீஸ் சாஃப்ட்வேர் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஊருக்கு வந்து அனாதை இல்லப் பிள்ளைகளோடு நேரம் செலவிடுகிறார். அவர்களுக்கு ஏன் தனி அடையாளமும் அரசுக் கணக்கும் இல்லை என்று அரசாங்கத்தோடு வாதாடியும் வருகிறார்.

இந்த இரண்டு பெண்களையும் எண்ணிப் பெருமைப்படலாம். ஆனால் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இவர்கள் எட்டாத உயரம். இருவருமே தொழில் தொடங்கியது அமெரிக்காவில் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உள்ளூரிலேயே தொடங்கியவர்களைத் தேடினால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1993இல் கே.ரமாதேவி அலீப் என்ற பெண் தொழில்முனைவோர் சங்கத்தை ஆரம்பித்தார். சைபர் டவர்ஸ் எழுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அது. ஹைதராபாத்தை ஒட்டிய காஜுலராமாரத்தில் பெண்களுக்கென்றே ஒரு தொழிற்பேட்டையை அந்தச் சங்கம் உருவாக்கியது. அங்கே பெண்கள் கேட்டது நிலம், மின்சாரம், வங்கிக் கடன். மென்பொருள் காலத்தில் நாம் இந்த மூன்றையும் பேசாமல் ‘ஐடியா’வை மட்டும் பேசுகிறோம்.

கடனுக்கு ஈடு எங்கே என்பதுதான் முதல் சிக்கல். என்.டி.ராமராவ் ஆட்சியில் ஆந்திரம் 1986இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. தமிழ்நாடு 1989இல். நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் பங்கைக் கேட்கும் மகளை அண்ணன் தம்பிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொத்து அவள் பெயரில் வராதவரை வங்கி மேலாளரின் மேசையில் அவள் திட்டம் கனம் பெறுவதில்லை. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. நல்ல திட்டம். ஆனால் மென்பொருள் தொழில் தொடங்கும் 24 வயதுப் பெண்ணுக்குத் தேவை இரண்டு மூன்று லட்சமும், ஆறு மாத வாடகையும், ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க வீட்டாரின் சம்மதமும்.

எண்ணிக்கைகளைப் பார்க்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். 2024 இறுதியில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவற்றில் சுமார் 73,000 நிறுவனங்களில் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயக்குநர் நாற்காலியில் மனைவி பெயரோ தாயார் பெயரோ இருப்பது நம் நாட்டில் புதிதில்லை. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 5.85 கோடி தொழில் அமைப்புகளை எண்ணியது. பெண்கள் உடைமையாக வைத்திருந்தவை 80.5 லட்சம், அதாவது 13.76 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை ஆள் நடத்தும் சிறு தொழில்கள்.

முதலீட்டாளர் முன்னால் உட்கார்ந்தாலும் தராசு சாய்ந்தே இருக்கிறது. நியூயார்க்கில் நடந்த ஸ்டார்ட்அப் போட்டியின் கேள்வி பதில்களை டானா கான்சே குழுவினர் அலசி 2018இல் வெளியிட்டார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, எவ்வளவு வளர்வீர்கள் என்ற வகை. பெண்களிடம் கேட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, நஷ்டம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்ற வகை. பெண் முதலீட்டாளர்களும் அப்படியே கேட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

இனி வழிகாட்டல். இந்தத் துறையில் மேடைப் பேச்சு மிகுதி, சோதித்துப் பார்த்தது குறைவு. சோதித்தவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நைரோபியின் தண்டோரா குடிசைப் பகுதியில் புரூக்ஸ், டோனவன், ஜான்சன் மூவரும் செய்தது. சிறு தொழில் செய்யும் இளம்பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வகுப்பறையில் தொழில் பாடம். இன்னொரு பிரிவுக்கு அதே பகுதியில் நன்றாகத் தொழில் நடத்தும் மூத்த பெண் ஒருவர் வாரந்தோறும் சந்தித்து வழி சொன்னார். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. வகுப்பு படித்தவர்களின் லாபம் உயரவில்லை. மூத்தவர் கிடைத்தவர்களுடையது 20 சதவீதம் உயர்ந்தது. எந்தக் கடையில் சரக்கு மலிவு, யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்ற உள்ளூர் அறிவுதான் அதில் வேலை செய்தது. இந்த ஆய்வின் இன்னொரு முடிவை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: சந்திப்பு நின்றதும் அந்த லாபமும் கரைந்தது.

அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்து எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலானோர் ஆராய்ந்தார்கள். சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்காகக் கடன் வாங்குவதும் குடும்ப வருமானமும் அதிகமாயின. கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களைச் சேர்ந்த பெண்களிடம் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். அமீர்பேட்டின் ஆண் அறைக் கூட்டாளிகள் தெரியாமலேயே அனுபவிக்கும் பலனை இது எண்ணால் காட்டுகிறது.

உலகில் இந்தப் பாடத்தைக் கைவசப்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஏழை நாடுகளின் பெண்களே. நைரோபியில் ஜூடித் ஓவிகாரும் தோழிகளும் 2010இல் தொடங்கிய அகிராசிக்ஸ், வசதியற்ற பெண்களுக்கு ஓராண்டு முழுநேரப் பயிற்சி தருகிறது. கானாவில் ரெஜினா ஹோனு வங்கி வேலையை விட்டுவிட்டு சொரோன்கோவைத் தொடங்கினார். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் ரோயா மஹ்பூப் 2010இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கி, அதன் வழியாகப் பள்ளி மாணவிகளுக்குக் கணினி மையங்கள் கட்டினார். அவர் உருவாக்கிய பெண்கள் ரோபாட்டிக்ஸ் அணியினர் 2021இல் தாலிபான் திரும்பியபோது நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப், போருக்குப் பிந்தைய தலைமுறைக்கு ‘ஊக்கி’ நிரலாக்கப் பள்ளியை நடத்துகிறது. சென்னையில் 2000இல் அவதார் நிறுவனத்தைத் தொடங்கிய சௌந்தர்யா ராஜேஷ், பின்னாளில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காக ‘புத்ரி’ திட்டத்தைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போவேன் என்ற எண்ணத்தைப் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றுவது அதன் நோக்கம்.

ஹைதராபாத்தில் இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். டேலன்ட்ஸ்பிரின்ட் நிறுவனம் கூகுள் ஆதரவோடு 2019இல் தொடங்கிய ‘வுமன் இன்ஜினியர்ஸ்’ திட்டம், பொறியியல் மாணவிகளைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகையோடு பயிற்சி தருகிறது. ஆனால் அதன் இலக்கு நல்ல சம்பளம். தொழில் தொடங்குவதற்கு வந்தது வீ ஹப். 2017 மாநாட்டின் தொடர்ச்சியாக, 2018 மார்ச் 8 அன்று தெலங்கானா அரசு அதைத் தொடங்கியது. பெண்களுக்காக ஒரு மாநில அரசே நடத்தும் தொழில் வளர்ப்பகம் இந்தியாவில் அதற்கு முன் இல்லை. தீப்தி ராவுலா முதல் தலைமை அதிகாரியாக அதைக் கட்டியெழுப்பினார். இன்று மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பெருமை அதற்கு நியாயமாக உரியது.

என் குறை ஒன்றுதான். வளர்ப்பகத்தின் படிவத்தை நிரப்பும் பெண்ணுக்குத் தன்னிடம் ஒரு தொழில் இருக்கிறது என்ற நம்பிக்கை ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். அமீர்பேட் ஹாஸ்டலில் இருப்பவளுக்கு அது இன்னும் வரவில்லை. அவளைச் சுற்றிப் பெண் முதலாளிகள் இல்லாமலும் இல்லை. ஹாஸ்டலை நடத்தும் ஆன்ட்டி ஐம்பது பேருக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து, வாடகைக் கட்டடத்தின் முன்பணத்தைத் திரட்டி, சமையல்காரரின் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து, கட்டில் காலியாக விடாமல் தொழில் நடத்துகிறார். கர்ரி பாயிண்ட்டில் பொரியலையும் பப்பையும் பாக்கெட் போட்டு விற்கும் அம்மாவுக்கு எந்தக் கிழமையில் எவ்வளவு விற்கும் என்பது மனப்பாடம். முதல், வாடகை, வசூல், நிலுவை என்ற பாடத்தை இவர்களிடம் கற்கலாம். இவர்களை எந்தத் தொழில்முனைவோர் கூட்டத்துக்கும் பேச அழைத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே வீ ஹப் போன்ற அமைப்பு செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. எஸ்.ஆர்.நகரிலும் அமீர்பேட்டிலும் ஹாஸ்டல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பெண்ணை நியமிக்கலாம். அவர் பெரிய நிறுவனத்தின் தலைவராக இருக்க வேண்டாம்; அதே சந்தில் படித்து, மூன்று நான்கு ஆண்டுகளாகச் சிறிய அளவில் வெப்சைட் வேலையோ டெஸ்டிங் வேலையோ சொந்தமாக எடுத்துச் செய்பவராக இருந்தால் போதும். அவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். இலவச சேவையாகக் கேட்டால் மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார். வர முடியாது, அவருக்கும் வீடும் வாடிக்கையாளரும் உண்டு. சந்திப்பு ஞாயிறு பகலில், ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில், கேட் மூடும் நேரத்துக்கு வெகு முன்னால். தனியாக வருபவரைச் சேர்க்காமல் இரண்டு பேராகச் சேர்க்க வேண்டும். முதல் வாடிக்கையாளரைத் தேடி எங்கும் போக வேண்டாம்: பில் போடும் மென்பொருள் இல்லாத கர்ரி பாயிண்ட்டும், காலிக் கட்டில் கணக்கை நோட்டில் எழுதும் ஹாஸ்டலும் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. ஒன்றரை மாத பேட்ச்சோடு முடிக்காமல் குறைந்தது ஓராண்டு நடத்த வேண்டும். நைரோபியில் சந்திப்பு நின்றதும் லாபம் கரைந்தது என்பதால், ஓராண்டுக்குப் பிறகு யார் தொடர்வார்கள், அவருக்குச் சம்பளம் யார் தருவார்கள் என்பதை முதல் மாதமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.